சாதியின் வரலாற்றை வகுப்பில் நடத்துவது: சமூக அறிவியல் ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவர் தன் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வெட்டியவர்கள் அதே பள்ளியில் படித்த மாணவர்கள். அதன்பின் பள்ளிகளில் சாதி மோதலைத் தவிர்க்க வழி சொல்லும்படி நீதியரசர் கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர்க் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு, நெற்றிக் குறி, பள்ளிப் பெயரில் இருக்கும் சாதி என்று பலவற்றைப் பற்றி அது பேசியது. அதற்குப் பிறகு பணியிடைப் பயிற்சிகளில் கருத்தாளராக நிற்கும்போதெல்லாம் என்னிடம் வரும் கேள்விகள் இவை. 6 முதல் 10ஆம் வகுப்பு வரை சமூக அறிவியல் எடுப்பவர்களை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

இதெல்லாம் பழைய கதை. கிளறினால் பிள்ளைகளிடம் சாதி உணர்ச்சி கூடிவிடாதா?

சாதி உணர்ச்சி வகுப்புக்குள் வந்து நாளாகிவிட்டது. கயிற்றின் நிறத்தில் இருக்கிறது, சைக்கிள் ஸ்டிக்கரில் இருக்கிறது, தலைவர் பிறந்தநாளுக்கு வைக்கும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இருக்கிறது. "ஆண்ட பரம்பரை" என்று பாட்டோடு வரும் ரீல்ஸும் ஒரு வரலாற்றுப் பாடம்தான். ஆதாரம் கேட்க ஆளில்லாத பாடம் அது. நாம் வாயைத் திறக்காவிட்டால் பையன்கள் அந்த ஒரு பாடத்தை மட்டும் படித்துவிட்டுப் பள்ளியை விட்டுப் போவார்கள்.

பயம் நியாயமானதுதான். மோசமாக நடத்தினால் கெடுதல் உண்டு. ஒடுக்கியவர்களின் பேரப்பிள்ளையும் ஒடுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளையும் ஒரே பெஞ்சில் தோளோடு தோள் உட்கார்ந்து கேட்கும் பாடம் இது. சோழர் நிர்வாகத்தையோ பிரெஞ்சுப் புரட்சியையோ நடத்தும்போது நமக்கு அந்தச் சிக்கல் கிடையாது. ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டியது அந்தப் பெஞ்சுக்காகத்தான். தகவலைப் புத்தகத்திலேயே படித்துக்கொள்ளலாம்.

எங்கிருந்து தொடங்குவது? கீழ்வெண்மணியையே எடுத்துக்கொண்டு சொல்லுங்கள்.

தீயிலிருந்து தொடங்காதீர்கள். பெரும்பாலோர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். 1968 டிசம்பர் 25 இரவு, கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணி, ராமய்யாவின் குடிசை, உள்ளே ஒளிந்த 44 பேர் எரிந்து இறந்தது என்று நேராக அங்கே போய்விடுகிறார்கள். வகுப்பு உறைந்துவிடும், சிலர் கண்கலங்குவார்கள். பாடம் நன்றாகப் போனது என்று நமக்கும் தோன்றும். ஆனால் பிள்ளைகள் கையில் மிஞ்சுவது இரக்கம் மட்டும்தான். அந்த இரக்கம் பட்டியல் சாதிப் பிள்ளையை மறுபடியும் பரிதாபத்துக்குரியவனாக ஆக்கி உட்கார வைக்கும்.

கூலியிலிருந்து தொடங்குங்கள். இரண்டு பாடவேளை ஒதுக்கிக்கொள்ளுங்கள். முதல் பாடவேளை முழுக்கக் கீழத்தஞ்சைதான். நிலம் யாரிடம் இருந்தது, பண்ணையாள் என்றால் யார், கூலியை நெல்லாக அளந்தது எப்படி, அடிக்கும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பால் தண்டனைக்கும் எதிராகக் கம்யூனிஸ்டுகளின் செங்கொடிச் சங்கம் எப்படி வந்தது, 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் ஏன் தேவைப்பட்டது. பிறகு 1960களின் உணவுத் தட்டுப்பாடு. விளைச்சல் கூடும்போது கூலியும் கூட வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். நிலக்கிழார்களான மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று தனியாக ஒன்றை வைத்துக்கொண்டு, உள்ளூர் ஆட்களை ஒதுக்கி வெளியூர் ஆட்களை அறுவடைக்கு இறக்கினார்கள். இதையெல்லாம் கேட்ட பிள்ளைக்கு அந்தக் குடிசையில் இருந்தவர்கள் யார் என்று தெரிந்திருக்கும். கணக்குப் போட்டு, சங்கம் கட்டி, உரிமை கேட்டவர்களின் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் அவர்கள்.

அந்த இரவைப் பற்றி இரண்டாம் பாடவேளையில் குறைவாகப் பேசினால் போதும். எரிந்த உடல்களின் படம் வேண்டவே வேண்டாம். நினைவிடத்தில் பொறித்திருக்கும் 44 பெயர்களை ஒருவர் மாற்றி ஒருவராக வாசிக்கச் சொல்லலாம். மிச்ச நேரத்தை நீதிமன்றத்துக்குக் கொடுங்கள். நாகப்பட்டினம் நீதிமன்றம் 1970இல் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட மிராசுதார்களுக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. இவர்களில் பலர் பெரும் நிலக்கிழார்கள், ஒருவர் கார் வைத்திருப்பவர், இப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை விட்டுவிட்டுத் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்று நம்புவது கடினம் என்ற போக்கில் தீர்ப்பு பேசியது. இந்த இடத்தில் நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கார் வைத்திருப்பது எதற்குச் சான்று? பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். ஐந்து நிமிட அமைதி வந்தாலும் பரவாயில்லை, வரட்டும். சான்று எது, நம்பிக்கை எது, ஒருவரின் செல்வம் பிறர் நம்பிக்கையை எப்படி வாங்குகிறது என்பதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களாகவே பிரித்துப் பேசுவார்கள்.

"அப்புறம் என்னாச்சு சார்?" என்று யாராவது கேட்பார்கள். 1980இல் கோபாலகிருஷ்ண நாயுடு கொல்லப்பட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். அதை வீரக்கதையாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். நீதிமன்றத்தில் நீதி கிடைக்காதபோது ஊர் என்ன ஆகிறது என்ற கேள்விக்கு அதைத் திருப்புங்கள்.

"எங்க ஆளுங்களைத் தப்பாச் சொல்றீங்க சார்" என்று ஒரு பையன் எழுந்து நின்றால்?

முதலில், அவன் எழுந்து கேட்டது நல்லது. கேட்காமல் வெளியே போய்ப் பேசியிருந்தால்தான் ஆபத்து. "உட்காருடா" என்று சொல்லிவிடாதீர்கள்.

நம் வாக்கியங்களைத் திருத்திக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். "மேல்சாதிக்காரர்கள் கொளுத்தினார்கள்" என்று சொல்வதும் "அந்த ஊர் மிராசுதார்கள் கொளுத்தியதாக வழக்கு நடந்தது" என்று சொல்வதும் ஒன்றல்ல. இரண்டாவதில் ஆள் இருக்கிறான், செயல் இருக்கிறது, ஆதாரம் இருக்கிறது. பையனிடம் இப்படிச் சொல்லலாம்: "தம்பி, யார் என்ன செஞ்சாங்கன்னு பேர் சொல்லித்தான் பேசறேன். அந்தக் காகிதத்துல உன் பேர் இல்ல. நீ என்ன செய்யப் போறேங்கறது உன் கையில இருக்கு." மென்மையாகச் சொல்லுங்கள், ஆனால் நடந்ததில் ஒரு சொல்லையும் குறைக்காதீர்கள். சாதி என்ற ஏற்பாட்டால் அந்த மிராசுதார்களுக்கு வலு கிடைத்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஏதோ நாலு கெட்டவர்கள் செய்தது என்று சுருக்கினால் அது பொய்ப் பாடம்.

இந்தப் பையனுக்கு வேறு முன்னோர்களையும் காட்டுங்கள். கன்னடப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, தஞ்சைச் சேரிகளில் தங்கிப் பண்ணையாட்களைத் திரட்டிய பி. சீனிவாசராவ் இருந்தார். 1939 ஜூலை 8 அன்று பட்டியல் சாதியைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்டோரை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்த வைத்தியநாத ஐயர் இருந்தார். பிறந்த சாதி ஒருவரின் முடிவைத் தீர்மானிக்கவில்லை என்பதற்கு இவர்கள் வாழ்க்கை சாட்சி.

உசிலம்பட்டிப் பக்கம் வேலை பார்ப்பவர்கள் பெருங்காமநல்லூரையும் எடுங்கள். குற்றப் பரம்பரைச் சட்டப்படி கைரேகை பதிய மறுத்த பிரமலைக் கள்ளர்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. 16 பேர் இறந்தார்கள், அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். ஒருவன் பிறந்த குலத்தை வைத்து அவன் குற்றவாளி என்று எழுதிய சட்டம் அது. தன் கொள்ளுத்தாத்தாவுக்கு அது எப்படி வலித்திருக்கும் என்று புரிந்துகொண்ட பையனிடம், பிறப்பை வைத்து இன்னொருவரைத் தீட்டு என்று சொல்வது பற்றிப் பேச முடியும். ஒரு எச்சரிக்கை: "உனக்கும் நடந்தது, அவனுக்கும் நடந்தது, கணக்கு சரி" என்று முடிக்கக் கூடாது. இரண்டும் வேறு வேறு கொடுமைகள், தனித்தனியாகப் படிக்க வேண்டியவை.

பட்டியல் சாதிப் பிள்ளைகள் இந்தப் பாடத்தில் கூனிக் குறுகிவிடுகிறார்களே?

பாடத்தில் "தாழ்த்தப்பட்டோர்" என்ற சொல் வரும்போது ஆசிரியரின் கண் தானாக ஒரு பெஞ்சுக்குப் போகும். வகுப்பு முழுக்க அந்தக் கண்ணைப் பின்தொடரும். பயிற்சியில் நாங்கள் இதைத்தான் முதலில் செய்து பார்க்கிறோம். ஒரு பத்தியை உரக்க வாசித்துக்கொண்டே அறையின் நான்கு மூலையையும் பார்க்கப் பழகுகிறோம். சின்ன விஷயம்தான். அந்தப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிது எதுவும் இல்லை.

அனுபவம் சொல்லச் சொல்லி யாரையும் எழுப்பாதீர்கள். தானாகச் சொன்னால் கேளுங்கள், நன்றி சொல்லுங்கள், துருவிக் கேட்காதீர்கள். அப்புறம், உதவித்தொகைப் படிவம் வந்தால் "எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்திரு" என்று கூப்பிடும் வழக்கம் இன்னும் பல பள்ளிகளில் இருக்கிறது. காலையில் தீண்டாமை ஒழிப்பைப் பற்றிச் சொன்னதெல்லாம் மதியம் அந்த ஒரு அழைப்பில் அழிந்துவிடும். படிவத்தை அலுவலகத்தில் தனித்தனியாகக் கொடுக்கலாம்.

பாடத்தில் போராடிய மனிதர்கள் வர வேண்டும். பத்தாம் வகுப்பில் தமிழ்நாட்டின் சமூக மாற்றங்கள் பற்றிய பாடத்தில் இரட்டைமலை சீனிவாசன் வருகிறார். இரண்டு வரியில் கடந்துவிடாதீர்கள். 1893இல் "பறையன்" என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கியவர் அவர். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரைத் தலைப்பில் அச்சிட்ட துணிச்சலைப் பற்றி மட்டுமே ஒரு பாடவேளை பேசலாம். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் "ஒரு பைசாத் தமிழன்" தொடங்கினார். இருவரும் எழுத்தாளர்கள், பத்திரிகையாளர்கள், சிந்தனையாளர்கள்.

எனக்குப் பிடித்த ஒரு இணைப்பு 1924. வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்க உரிமை கேட்டு அந்த ஆண்டு மார்ச் 30 அன்று சத்தியாகிரகம் தொடங்கியது. அதே ஆண்டு சென்னை சட்டமன்றத்தில், பொதுச் சாலை, கிணறு, பொதுக் கட்டடங்களை எல்லோரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்து நிறைவேற்ற வைத்தார். ஒரே ஆண்டில் ஒரே உரிமைக்காகத் தெருவில் ஒரு வழி, சபையில் ஒரு வழி. எது எவ்வளவு தூரம் போயிற்று என்று பிள்ளைகளை ஒப்பிடச் சொல்லுங்கள்.

தோள்சீலைப் போராட்டத்தை நடத்தும்போது பையன்கள் சிரிக்கிறார்கள். பெண்பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். விட்டுவிடலாமா?

விடாதீர்கள். திருவிதாங்கூரில் மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் நடத்திய இந்தப் போராட்டத்தைச் சிபிஎஸ்இ 9ஆம் வகுப்புப் புத்தகத்தில் சொன்ன பகுதியில் கேள்வி கேட்கப்படாது என்று 2016இல் அறிவித்தார்கள். 2019இல் அந்த அத்தியாயமே போயிற்று. தேர்வில் இல்லாவிட்டால் வகுப்பிலும் இருக்காது என்பது நமக்குத் தெரிந்ததுதான். கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்த பிள்ளை தன் ஊர்க் கதையை இன்னொரு ஊரின் யூடியூப் சேனலில், அரைகுறையாகத் தெரிந்துகொள்ளும் நிலை வரக் கூடாது.

சிரிப்பு வருவது "மார்பை மூடக் கூடாது என்றார்கள்" என்று தொடங்குவதால். உடலை விட்டுவிட்டு உடையின் சட்டத்திலிருந்து தொடங்குங்கள். திருவிதாங்கூரில் யார் எதை உடுத்தலாம், யார் குடை பிடிக்கலாம், செருப்பு போடலாம், எந்த உலோக நகை அணியலாம் என்பதற்கெல்லாம் சாதிவாரிக் கட்டுப்பாடு இருந்தது என்ற பட்டியலைப் போடுங்கள். உடை அதிகாரத்தின் கணக்கு என்று புரிந்த வகுப்பில் சிரிப்பு வராது.

பிறகு 1859 ஜூலை 26 பிரகடனத்துக்கு வாருங்கள். சென்னை கவர்னர் டிரெவெல்யனின் நெருக்குதலும் சேர்ந்து மகாராஜா அதை வெளியிட்டார். நாடார் பெண்கள் குப்பாயம் என்ற ரவிக்கை போட்டுக்கொள்ளலாம், மீனவரான முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியால் மேலே சுற்றிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்பது அதன் சாரம். கரும்பலகையில் இரண்டு பத்தி போடுங்கள்: கொடுத்தது என்ன, கொடுக்காமல் வைத்துக்கொண்டது என்ன. "உரிமை கிடைத்தது" என்ற ஒரு வரிக்குள் எவ்வளவு மறைந்திருக்கிறது என்று பெண்பிள்ளைகள்தான் முதலில் கண்டுபிடிக்கிறார்கள். குனிந்த தலை அங்கே நிமிர்வதைப் பார்த்திருக்கிறேன்.

என் சாதி என்னவென்று ஊருக்கே தெரியும். நான் சொன்னால் எடுபடுமா?

ஆதிக்க சாதி ஆசிரியர் சொன்னால் "நடிக்கிறார்" என்பார்கள், பட்டியல் சாதி ஆசிரியர் சொன்னால் "அவங்க ஆளுக்குப் பேசறாங்க" என்பார்கள். இரண்டாவது நிலை மிகக் கொடியது. உண்மையைச் சொன்னதற்காகவே ஒருவரின் நடுநிலை சந்தேகிக்கப்படுகிறது. அந்தப் பாரத்தை அவர் ஒருவர் தலையில் மட்டும் ஏற்றக் கூடாது. பள்ளியில் இந்தப் பாடத்தை யார் எடுத்தாலும், அதே வாரம் வேறொரு ஆசிரியரும் அதே ஆவணத்தை வைத்து இன்னொரு பிரிவுக்கு எடுக்கும்படி கால அட்டவணையை அமையுங்கள். வகுப்பின் நடுவில் நீங்கள் நிற்பதைவிடக் காகிதம் நிற்கட்டும். பிரகடனத்தின் வாசகம், தீர்மானம், தீர்ப்பின் பத்தி ஆகியவற்றைப் பிள்ளைகளே வாசித்தால் "சார் சொன்னார்" என்ற பேச்சுக்கு இடமில்லை.

இரண்டு தரப்பையும் சொல்ல வேண்டாமா? அதுதானே நடுநிலை?

ஜெர்மனியில் பாய்டெல்ஸ்பாக் என்ற ஊரில் 1976இல் அரசியல் கல்வி ஆசிரியர்கள் கூடிப் பேசியதிலிருந்து மூன்று நெறிகள் உருவாயின. மாணவரை ஆசிரியரின் கருத்துக்கு இழுத்து அமுக்கக் கூடாது. அறிஞர்களிடையிலும் அரசியலிலும் விவாதமாக இருப்பது வகுப்பிலும் விவாதமாகவே வர வேண்டும். தன் நிலைமையைத் தானே ஆராயும் திறன் மாணவருக்கு வர வேண்டும். நாஜிக் கொடுமைக்குப் பின் பிறந்த தலைமுறைகளுக்குப் பாடம் நடத்தும் நாட்டில் இவை இன்றும் பேசப்படுகின்றன. நமக்கும் நன்றாகப் பொருந்தும்.

ஆனால் இரண்டாவது நெறியைத் தவறாகப் படித்துவிடக் கூடாது. தீண்டாமை சரியா தவறா என்பது விவாதம் கிடையாது. அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு அதை ஒழித்துவிட்டது. பட்டிமன்றத் தலைப்பாக அதை வைப்பதே அந்தப் பிள்ளைகளுக்கு அவமானம். உண்மையான விவாதம் வேறு இடத்தில் இருக்கிறது. 1932இல் தனித் தொகுதியா (பட்டியல் சாதியினர் மட்டுமே வாக்களித்துத் தங்கள் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பது), கூட்டுத் தொகுதியில் இட ஒதுக்கீடா (ஒதுக்கிய இடத்துக்கும் எல்லோரும் வாக்களிப்பது) என்பது விவாதம். தனித் தொகுதி கேட்ட அம்பேத்கருடன் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர் இரட்டைமலை சீனிவாசன். கூட்டுத் தொகுதி போதும் என்று இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயுடன் உடன்பாடு செய்துகொண்டவர் எம்.சி. ராஜா. இருவரும் பட்டியல் சாதித் தலைவர்கள், இருவரும் நம்மூர்க்காரர்கள். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தத்தில் மாகாணச் சட்டசபைகளில் ஒதுக்கிய 71 இடம் 148 ஆனது, தனித் தொகுதி போனது. எது இழப்பு, எது லாபம்? இதைப் பேச விடுங்கள், எந்தப் பக்கம் முடித்தாலும் மதிப்பெண் கொடுங்கள்.

நாடகமாகப் போட்டால் பிள்ளைகளுக்கு நன்றாகப் பதியுமே?

மிராசுதாராக ஒருவன், பண்ணையாளாக ஒருவன் என்று பிரிக்காதீர்கள். 1968இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தை வைத்துப் பிரித்து நடத்திக் காட்டினார். நன்றாகப் பழகிய பிள்ளைகளே ஒரே நாளில் மற்றவர்களைக் கேவலப்படுத்தத் தொடங்கினார்கள். அந்தப் பாடம் உலகப் புகழ் பெற்றது, குழந்தைகளை அப்படி வதைக்கலாமா என்ற சண்டையும் இன்றுவரை ஓயவில்லை. அங்கே கண்ணின் நிறம் கற்பனைப் பிரிவு. நம் வகுப்பில் பிரிவு உண்மை. மணி அடித்த பிறகு வேடத்தைக் கழற்ற முடியாது. சட்டமன்ற விவாதம், நீதிமன்ற வாதம் போன்றவற்றை வாசித்துக் காட்டலாம், அதுவே போதும்.

தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதச் சொல்லலாமா?

சொல்லலாம், கேள்வியைக் கவனமாகத் தேர்ந்தெடுத்தால். "உங்கள் குடும்பம் சாதிக் கொடுமையை அனுபவித்ததா?" என்று கேட்டால் ஒரு பிள்ளை வெட்கப்படும், இன்னொரு பிள்ளை பொய் எழுதும். எல்லா வீட்டிலும் பதில் இருக்கும் கேள்விகளைக் கொடுங்கள். உங்கள் சின்ன வயதில் குடிதண்ணீர் எங்கே எடுத்தீர்கள்? டீக்கடையில் எதில் குடித்தீர்கள்? எந்தத் தெருவில் செருப்பைக் கழற்றினார்கள்? பள்ளிக்கூடத்தை எந்த வகுப்போடு விட்டீர்கள், ஏன்? கூலி நெல்லா, காசா? பெயர் எழுதாமல் வாங்கி, கலந்து, நீங்களே வாசியுங்கள். ஊரின் வரைபடம் தானாக வெளியே வரும்.

எந்த வகுப்பிலிருந்து?

ஆறு, ஏழில் நீதி பற்றியும், யார் எதற்குப் போராடினார்கள் என்பது பற்றியும் பேசினால் போதும். கொலைகளைப் பற்றி ஒன்பதுக்கு முன் வேண்டாம்.

தேர்வில் இரண்டு மதிப்பெண் வினாவாகத்தானே வரும்?

பொதுத்தேர்வு நம் கையில் இல்லை. வகுப்புத் தேர்வு நம் கையில். "வைக்கம் எங்கு உள்ளது?" என்பதற்குப் பதில், பிரகடனத்தின் நான்கு வரியைக் கொடுத்து "இதில் யாருக்கு எது மறுக்கப்படுகிறது?" என்று கேளுங்கள்.

பெற்றோரோ ஊர்ப் பெரியவர்களோ வந்து கேட்டால்?

தலைமையாசிரியருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பாடக்குறிப்பில் பாடத்தின் பெயர், கற்றல் விளைவு, கொடுத்த ஆவணம் மூன்றும் எழுதப்பட்டிருக்கட்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அந்தப் பருவத்துக்கு என்ன பாடம் வருகிறது என்று சாதாரணமாகச் சொல்லிவையுங்கள். வந்தவரிடம் புத்தகத்தைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். என் அனுபவத்தில், அவர் கேள்விப்பட்டது ஒன்று, பிள்ளைகள் வாசித்தது வேறொன்று. தனியாக நின்று பதில் சொல்லாதீர்கள், சக ஆசிரியர் ஒருவர் கூட இருக்கட்டும்.

ஒரு நாள் பயிற்சி போதுமா? என்ன கொண்டுவர வேண்டும்?

போதாது. காலையில் பவர்பாயிண்ட், மதியம் சாப்பாடு, மாலையில் வருகைப் பதிவு என்று முடியும் பயிற்சி இந்தப் பாடத்துக்கு ஒன்றும் செய்யாது. தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர் பயிற்சி என்கிறது. அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களும் இருக்கின்றன. மணி நேரத்துக்குக் குறைவில்லை, அதைத் துண்டு துண்டாக வீணாக்காமல் தொடராக ஆக்க வேண்டும்.

நாங்கள் வைக்கும் முறை இது. முதல் அமர்வில் ஆசிரியர்கள் மாணவர்களாக உட்கார்ந்து ஆவணத்தை வாசிக்கிறார்கள். அவர்களிடையிலும் வாக்குவாதம் வரும், குரல் உயரும். வகுப்பில் வரப்போவது அங்கேயே வந்துவிடுவது நல்லது. பிறகு பள்ளிக்குப் போய் ஒரு பாடம் நடத்துகிறார்கள். அடுத்த அமர்வுக்கு மூன்று பொருள்களோடு வருகிறார்கள்: நடத்திய பாடக்குறிப்பு, பெயர் நீக்கிய மாணவர் விடைத்தாள்கள் சில, பதில் சொல்லத் தெரியாமல் போன ஒரு கேள்வி. அந்த விடைத்தாள்களைச் சேர்ந்து படிப்பதுதான் அன்றைய முழு வேலை. உங்கள் குறுவள மையத்தில் இதைத் தொடங்க அனுமதி தேவையென்றால் வட்டார வள மையத்தில் எழுதிக் கேளுங்கள். நான்கு ஆசிரியர்கள் இருந்தால் போதும், சனிக்கிழமை இரண்டு மணி நேரத்தில் தொடங்கலாம்.